வலது பக்கம் கொஞ்சம் லூசா

டாப்பு தைக்கும்போது வலது பக்கம் மட்டும் கொஞ்சம் லூசா வைங்க யக்கா. இடது பக்கம் அளவுக்கு இருந்தாப் போதும். ஓரத்துல வெட்டு விடுவியல்லா, அதை வலது பக்கம் மட்டும் இடுப்பெலும்பு வரைக்கும் ஏத்தி விட்ருங்க. கையை உள்ள விட்டா சிக்கக் கூடாது. ஏன் சிரிக்கீய? அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டியளா? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே.

சரி, தெரிஞ்சா தெரிஞ்சதுதான். நான் ஏட்டு. பேச்சியம்மா. ஆயுதப்படையில இருக்கேன். திங்கக்கெழமையிலருந்து ஒரு அம்மாவுக்குப் பாதுகாப்புக்குப் போட்டிருக்காவ. யாருக்குன்னு கேக்காதிய, அதைச் சொல்ல மாட்டேன். யூனிபார்ம் கெடையாது, சாதாரணத் துணிதான். இடுப்புல பிஸ்டல் இருக்கும், ஆனா அது இருக்கதே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அவ்வளவுதான் வேலை. கேக்க லேசா இருக்குல்லா? முதத் தடவை போட்டப்ப நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அப்ப பாளையங்கோட்டையில ஒரு வக்கீலம்மாவுக்குப் போட்டாவ. எஸ்தர் நவமணின்னு பேரு. ஒரு கொலைக் கேசுல செத்தவன் குடும்பத்துக்காக நின்னாவ. கேசை விட்ரு, இல்லைன்னா வீட்டோட கொளுத்திருவோம்னு மெரட்டல். ஐகோர்ட்டு சொல்லி என்னைப் போட்டாவ. வெளிய கேட்டா நான் அவிய ஆபீசு குமாஸ்தான்னு சொல்லணும். எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. பாக்கவனெல்லாம், கிளார்க்கம்மா இந்த மனுவைக் கொஞ்சம் பாருங்கன்னு பேப்பரை நீட்டுவான். நானும் வாங்கி, தலைகீழாப் பிடிச்சிக்கிட்டு, ம், ம்-னு படிப்பேன்.

முத வாரம் என்ன செஞ்சேன் தெரியுமா? தொட்டுத் தொட்டுப் பாத்தேன். இருக்கா, இருக்கான்னு. தாலியைக்கூட நான் அப்படித் தொட்டுப் பாத்ததில்ல. தொடவே கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புனாவ, தொட்டா அடுத்தவன் கண்ணு அங்கதான் போகும்னு. ஆனா கை கேக்கணுமே. அம்மா ஞாயித்துக்கெழமை வேதக்கோயிலுக்குப் போவாவ, நானும் கூடப் போவேன். அங்க பெஞ்சுல நாலு பொம்பளைங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, ஆராதனை முடிஞ்சதும் ஒருத்தி வந்து கையில ஒரு தைல பாட்டில் குடுக்கா. “இடுப்பு வலிக்கு நல்லதும்மா, ராத்திரி தேச்சிட்டுப் படு”ங்கா. அந்த அளவுக்கு மறைச்சு வச்சிருந்தேன்!

கக்கூசு வெவகாரம் இருக்கே, அதை என்னன்னு சொல்ல. ஆம்பளைங்களுக்கு என்ன, நின்னுட்டு வந்துருவாவ. ஒரு கல்யாண மண்டபத்துல போறேன், உள்ள ஒரு ஆணி கெடையாது. தொட்டி மேல வைக்கலாம்னா, அப்படி வச்சிட்டு மறந்து வந்தவன் கதையெல்லாம் ட்ரெயினிங்குல சொல்லிருக்காவ. கீழ வைக்கவா? பாத்தேன். பெல்ட்டோட கழட்டி கழுத்துல மாலையாப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். அந்தக் கோலத்துல தாழ்ப்பாள் மட்டும் தெறந்துருந்தா, என் வேலை அன்னைக்கே போயிருக்கும்.

அதை விடுங்க, சண்டை போடக் கூடாதுங்காவளே, அதுதான் எனக்கு ஆவலை. இடுப்புல துப்பாக்கி வச்சிருக்கவ வாயை மூடிக்கிட்டு இருக்கணும். எவனாவது தள்ளுனா நாமதான் மன்னிப்புக் கேக்கணும். பேச்சு வளந்து கைகலப்பு ஆச்சுன்னா, அந்த எடத்துல துப்பாக்கின்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுவும் சண்டைக்குள்ள வந்துரும். எனக்கு எங்க தெருவுல என்ன பேருன்னு தெரியுமா? சரி, அது வேண்டாம். மீன் மார்க்கெட்டுல ஒருத்தி எனக்கு அழுகின சாளையைக் குடுத்தா. வாங்கிக்கிட்டு, “நல்லா இருக்கும்மா”ன்னு சொல்லிட்டு வந்தேன். நானா அப்படிச் சொன்னேன்னு வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர்ட்ட சொல்லுதேன், அந்த மனுசன் நம்பலை. துப்பாக்கியை நமக்கும் ஒண்ணு சொந்தமா வாங்கி வச்சிக்கிடலாமான்னு கேக்காரு.

பொறவு சாப்பாடு. இதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். அம்மா சாப்பிடும்போது நான் சாப்பிடக் கூடாது. வலது கை எப்பவும் சும்மா இருக்கணும். எச்சிக் கையை வச்சிக்கிட்டு எதை எடுக்க? அதனால எங்க விருந்துக்குப் போனாலும் செவத்துல முதுகை வச்சி நின்னுக்கிட்டு, மத்தவங்க திங்கதைப் பாப்பேன். காப்பி, டீ மட்டும் எடது கையால குடிக்கப் பழகிட்டேன். டாக்டர் வீடு, பாதிரியார் வீடு, எல்லா எடத்துலயும் எடது கைதான். “மன்னிச்சிக்கிடுங்க, வலது கையில சுளுக்கு”ன்னு ஒரு பொய். நல்லாப் பழகிட்டேன். கப்பு, சாசரு எல்லாம் ஒத்தக் கையில பிடிப்பேன்.

அந்தக் கேசு என்னன்னா, ஆத்தங்கரையில ஒரு ஊரு. பேரு வேண்டாம். ஊருக்குக் கெழக்க தனியா ஒரு தெரு இருக்கு. அந்தத் தெருப் பையன் மாசானம். ஆத்துல மண்ணு அள்ள வந்த டிராக்டரை மறிச்சு நின்னான், அடிச்சே கொன்னுட்டானுவ. துணி தொவைக்க வந்த அவன் அக்கா தங்கபுஷ்பம் எல்லாத்தையும் கண்ணால பாத்தா. பாத்த சாட்சி அவ ஒருத்திதான். மத்தவன் எவனும் அன்னைக்கு ஆத்துப் பக்கமே போகலையாம். அவளுக்கு என் வயசுதான் இருக்கும். ஒல்லியா, வெடுக்குன்னு பேசுவா.

வக்கீலம்மா அவளைப் பாக்கப் போனாவ, நானும் போனேன். பாயைப் போட்டா. எவர்சில்வர் டம்ளர்ல ரெண்டு காப்பி கொண்டு வந்தா. அம்மா வாங்கிக் குடிச்சாவ. எங்கிட்ட நீட்டுனா. நான், “வேண்டாம்மா, எனக்குக் காப்பி பழக்கமில்ல”ன்னேன். வலது கைதான் யக்கா காரணம். வாசல்ல தெரியாத ஆளுக ரெண்டு பேரு போறான் வாரான், நான் கவனமா இருக்கணும்லா. அவ அந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்தா. பொறவு உள்ள கொண்டு போயிட்டா.

அடுத்த தடவை போனப்ப சோறு பொங்கிருந்தா. அம்மா உக்காந்து சாப்பிட்டாவ. நான் கதவுப் பக்கத்துல நிக்கேன்.

“கிளார்க்கம்மா, நீங்க?”

“எனக்கு விரதம்மா.”

“என்ன விரதம்?”

“செவ்வாக்கெழமை விரதம்.”

“இன்னைக்கு வியாழன்லா?”

“வியாழனும் இருப்பேன்”ன்னேன். அம்மா தலையைக் குனிஞ்சிக்கிட்டு ரசத்தை ஊத்தி ஊத்திச் சாப்பிடுதாவ. நாங்க கெளம்பும்போது அவ அம்மாவுக்கு மட்டும் கும்பிட்டா.

சாட்சி சொல்லுத தேதி நெருங்குது. ஒரு நாள் காலையில அந்த ஊர்லருந்து தகவல் வருது, தங்கபுஷ்பம் கோர்ட்டுக்கு வரமாட்டேங்காளாம். அம்மா போன் போட்டா எடுக்கலை. நேர்ல போனா வீடு பூட்டிக் கெடக்கு. அவ இல்லைன்னா கேசே இல்ல யக்கா. திரும்பி வரும்போது கார்ல அம்மா மெதுவாக் கேட்டாவ.

“பேச்சி, அன்னைக்கு அந்தக் காப்பியை வாங்கிக் குடிச்சிருக்கலாமே?”

“வலது கை சும்மா இருக்கணும்லாம்மா.”

“டாக்டர் வீட்டுல இடது கையால குடிச்சியே?”

நான் வெளிய பாத்துக்கிட்டு வந்தேன். டாக்டர் வீடு வேற, இங்க வேற. டாக்டர் வீட்டு வாசல்ல கூர்க்கா நிக்கான், காம்பவுண்டு சுவரு இருக்கு. இங்க தெறந்த வாசல். அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. நீங்களும் அப்படிப் பாக்காதிய யக்கா. டேப்பைப் பிடிங்க, கை நீளம் எடுக்கலியே இன்னும்.

எனக்கு அன்னைக்குத் தூக்கமே இல்ல. ஒரு உயிர் போன கேசு, நான் ஒரு டம்ளர் காப்பி குடிக்காததால போச்சேன்னு. சரி, நேர்ல போயி உண்மையைச் சொல்லிருவோம்னு முடிவு பண்ணுனேன். வார லீவு வந்துச்சு. பிஸ்டலை ஆயுதக் கிடங்குல ஒப்படைச்சிட்டு, யாருகிட்டயும் சொல்லாம பஸ் ஏறிட்டேன். லீவுல போனா சேலை கட்டிக்கிட்டுத்தான போவோம். கட்டிப் பல நாளாச்சு. இடுப்புல கனம் இல்லாம, பஸ்ஸுல வலது பக்கமாச் சாஞ்சு சாஞ்சு உக்காருதேன், என்னமோ மாதிரி இருக்கு. அந்தத் தெருவுக்குள்ள எறங்கி நடக்கும்போது, கை தன்னால வெறும் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பாக்குது. இத்தனை வருசம் போலீசு, ஒத்தையில ஒரு தெருவுக்குள்ள போகப் பயப்படுதேன்.

வீட்டுலதான் இருந்தா. வாசல்ல மொளகாய் காயப் போட்டுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் நிமுந்தா.

“என்ன ஏட்டம்மா, தனியா வந்துருக்கிய?”

ஏட்டம்மாவா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. “நான் கிளார்க்குல்லா?”ன்னேன்.

“கிளார்க்குதான், கிளார்க்குதான். பேப்பரைத் தலைகீழாப் படிக்கிற கிளார்க்கு. இடுப்புல துப்பாக்கி இருக்கது இந்தத் தெருவுக்கே தெரியும். போலீசு வந்து வந்து பழகுன தெரு இது. நீங்க நடக்கதைப் பாத்தே சொல்லிருவோம்.”

நான் சொல்ல வந்த உண்மை இதுதான யக்கா. துப்பாக்கி இருந்துச்சு, அதனாலதான் காப்பியைத் தொடலைன்னு சொல்லத்தான பஸ் ஏறி வந்தேன். இப்ப அவளே சொல்லிட்டா. இனி நான் எதைச் சொல்ல? வெயில்ல நிக்கேன். மொளகாய் நெடி மூக்குல ஏறுது. என்ன தோணுச்சோ, “பசிக்கும்மா, சோறு இருக்கா?”ன்னு கேட்டுட்டேன்.

அவ என்னை ஏற இறங்கப் பாத்தா. “இன்னைக்கு என்ன விரதமும் இல்லையா?”

“இல்ல.”

“உள்ள வாங்க.”

நேத்து வச்ச கெளுத்திக் கொழம்பு. எனக்குப் பிடிக்காத மீனு யக்கா அது, எங்க வீட்டுல வாங்குனதே கெடையாது. உக்காந்தேன். முத வாயி சோத்தை முழுங்காம மென்னுக்கிட்டே இருக்கேன். அவ எதுத்தாப்புல உக்காந்து, நான் முழுங்குதேனா இல்லையான்னு பாக்கா. ரெண்டாவது வாயில லேசாயிட்டு. மூணாவதுல கொழம்பு எனக்கு ருசி பிடிச்சிட்டு. மறுபடி சோறு கேட்டேன். போட்டா. மறுபடியும் கேட்டேன். அவ சட்டியைச் சாச்சு வழிச்சு ஊத்துனா. அப்பத்தான் தோணுச்சு, அவளுக்கு இருந்ததையும் நான் தின்னுட்டேன்னு.

கையைக் கழுவிட்டு மெதுவாப் பேச்சை எடுத்தேன். “நான் அன்னைக்குக் காப்பி குடிக்கலைன்னு நீ சாட்சி சொல்ல வராம இருந்திராத தங்கபுஷ்பம். தப்பு எம்மேல.”

அவ சிரிச்சா பாருங்க. வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சா.

“உங்க ஒரு டம்ளர் காப்பிக்காகவா என் தம்பி சாவை விட்ருவேன்? உங்களுக்கு ரொம்பத்தான் நெனப்பு ஏட்டம்மா. காப்பியை வாங்காதவங்களை நாங்க எத்தனை பேரைப் பாத்துருக்கோம். அதுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போகாம இருந்தா, நாங்க கோர்ட்டுப் பக்கமே போக முடியாது.”

எனக்கு மூஞ்சி எங்க வைக்கன்னு தெரியலை. ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்தவ நான். “பொறவு ஏன் வரமாட்டேன்னு சொல்லுத?”ன்னு கேட்டேன்.

அவ சிரிப்பு நின்னுட்டு. வாசலைப் பாத்தா. “சாயங்காலம் ஆனா கொழாயடியில பைக்கை நிறுத்திட்டு நிக்கானுவ. ஒண்ணும் சொல்ல மாட்டானுவ. நான் கொடம் நெறையுத வரைக்கும் பாத்துட்டுப் போவானுவ. எம் மகளைப் பள்ளிக்கொடம் அனுப்பி நாளாச்சு. எங்க அத்தை வீட்டுல விட்ருக்கேன். வக்கீலம்மாவுக்கு மெரட்டல் வந்துச்சு, நீங்க நிக்கிய. பாத்தவ நான். எனக்கு யாரு நிக்கா?”

பாதுகாப்புப் போடுதது என் கையில இல்லையே யக்கா. ஆனா அதை நான் அதுவரைக்கும் ஒரு தடவைகூட நெனச்சுப் பாக்கலை. அவ வீட்டு வாசல்ல நின்னு, அம்மாவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

மறுநா அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், கெளுத்திக் கொழம்பு உட்பட. அம்மா திட்டுவாவன்னு பாத்தேன். தனியாப் போனதுக்குத் திட்டுனாவ, வேற ஒண்ணுக்கும் திட்டலை. அன்னைக்கே அவளுக்குப் பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டாவ. மனு எப்ப நகரும்னு உங்களுக்குத் தெரியாதா. “அது வரட்டும். அதுவரைக்கும் நான் அவகூட இருக்கேன். நான் எங்க இருக்கேனோ அங்க நீ இருக்கணும்லா? ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாது”ன்னாவ. என்ன மூளை பாருங்க! அன்னைக்கே போய் அவளையும் மகளையும் கூட்டிட்டு வந்து தன் வீட்டுலயே வச்சிக்கிட்டாவ.

கோர்ட்டு அன்னைக்கு மூணு பேரும் ஒரே கார்ல போறோம். கோர்ட்டு வாசலுக்கு முந்தின திருப்பத்துல அவ சொன்ன அதே பைக்கு, அதே ஆளுக. என் கை தன்னால டாப்புக்குள்ள போச்சு. தங்கபுஷ்பம் என் முழங்கையைப் பிடிச்சி, “கையை வெளிய எடுங்க ஏட்டம்மா, அவனுவளைவிட உங்களைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு”ங்கா. எடுத்துட்டேன். கார் தாண்டிட்டு. அவனுவ பாத்துக்கிட்டே நின்னானுவ, அவ்வளவுதான்.

தீர்ப்பு என்னாச்சுன்னு கேக்கீயளா? ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை. டிராக்டர்காரன், அவன்தான் பெரிய ஆளு, அவன் வெளிய வந்துட்டான். அம்மா அப்பீல் போட்டுருக்காவ. எனக்கு என்ன ஆச்சுன்னா, சாட்சி வீட்டுக்கு எதுக்குத் தனியாப் போனேன்னு விசாரணை வச்சு, அந்த வேலையிலருந்து எடுத்து, இத்தனை நாளும் ஆபீசுக்குள்ளயே உக்கார வச்சிருந்தாவ. அதெல்லாம் பொறவு. கோர்ட்டுல அன்னைக்கு நடந்ததைச் சொல்லிருதேன், அதைச் சொல்லாம விட்டா எனக்கு ஆவாது.

ஆயுதத்தோட உள்ள போகக் கூடாதுன்னு நான் கோர்ட்டு வாசல்ல, கதவோரமா நிக்கேன். உள்ள பேசுதது நல்லாக் கேக்குது. தங்கபுஷ்பம் கூண்டுல நிக்கா. ஆத்துல பாத்ததை வரிசையாச் சொல்லிட்டா, கொரல் ஒரு எடத்துல மட்டும் உடைஞ்சுது. பொறவு எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சாரு. பெரிய வக்கீலு, மெட்ராஸ்லருந்து வந்தவரு. துணி எங்க தொவைச்ச, வெயில் எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு கேட்டாரு. அவ அசரலை. அப்ப தண்ணியைக் குடிச்சிட்டு, மெதுவாக் கேக்காரு.

“இந்த வக்கீலம்மாகூட வார போலீஸ்காரம்மா, பேச்சியம்மாள், உங்க வீட்டுக்குத் தனியா வந்தாங்களா?”

எவனோ பாத்துச் சொல்லிருக்கான்.

“வந்தாவ.”

“யூனிபார்ம் இல்லாம?”

“ஆமா.”

“என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு உங்களுக்குச் சொல்லிக் குடுக்க வந்தாங்க. அப்படித்தானே?”

போச்சுன்னு நெனச்சேன் யக்கா. நான் திங்கப் போன சோறு கேசைத் தின்னுட்டுன்னு நெனச்சேன்.

தங்கபுஷ்பம் சொல்லுதா, “சொல்லிக் குடுக்க வரலை சார். பசின்னு வந்தாவ. சாப்பிட்டாவ. போனாவ.”

உள்ள நாலஞ்சு பேரு சிரிக்காவ. ஜட்ஜய்யாவும் லேசாச் சிரிச்சாருபோல. அந்த வக்கீலுக்கு உற்சாகம் வந்துட்டு. கோட்டை இழுத்து விட்டுக்கிட்டு, எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்துட்டு, கேக்காரு.

“ஏம்மா, ஒரு போலீஸ் ஏட்டு. லீவு நாள்ல, பஸ் ஏறி, உங்க தெருவுக்கு வந்து, உங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டாங்க. இதை இந்தக் கோர்ட்டு நம்பணும்?”

அவ கொஞ்சமும் சத்தத்தைக் கூட்டலை. வீட்டுல எங்கிட்ட கெழமையைக் கேட்டாளே, அதே மாதிரிக் கேட்டா.

“ஏன் சார்? எங்க வீட்டுல சாப்பிட மாட்டாவளா?”

அப்படியே அடங்கிட்டு யக்கா கோர்ட்டு. சிரிச்சவன் எவனும் சிரிக்கலை. அந்த வக்கீல் கையில இருந்த பேப்பரைப் பொரட்டுனாரு, அதுல என்ன இருந்துச்சோ. ஜட்ஜய்யா கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு, அவரு பதிலுக்காகப் பாத்துக்கிட்டே இருக்காரு. “வேற கேள்வி இல்லை”ன்னு சொல்லிட்டு வக்கீலு உக்காந்துட்டாரு.

அப்ப உள்ள இருந்த அத்தனை பேரும் மெல்லத் திரும்பி, கதவோரம் நிக்க என்னைப் பாத்தாவ. நான் யாருன்னே தெரியக் கூடாதவ. எனக்கு எங்க பாக்கன்னு தெரியலை. என்னை யாரும் ஒண்ணும் கேக்கலை, சத்தியமாக் கேக்கலை. நானாத் தலையை ஆட்டுனேன். சாப்பிட்டேன்னு. ஆமா, சாப்பிட்டேன்னு. கோர்ட்டு டவாலி வேகமா வந்து என் தோளைத் தொட்டு, “சாட்சி சொல்லும்போது வாசல்ல நின்னு தலையாட்டக் கூடாதும்மா, தள்ளிப் போ”ன்னாரு. தள்ளிப் போனேன். வராந்தாவுல யாருமே இல்ல. அங்க நின்னும் தலை தன்னால ஆடிக்கிட்டே இருக்கு யக்கா.